கல்லில் இல்லாத பெயர்

1936 ஆகஸ்ட் 4
இன்றும் அவருக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. கொயினா மருந்து கொடுத்தேன், வாந்தி. மூன்று வருடம் காட்டில் நின்று மதகு கட்டிய இஞ்சினியருக்கு நுளம்புக்கடி கொடுத்த பரிசு. மதகில் பதித்த கல்லில் துரைமார் மூவரின் பெயர் இருக்கிறது. என் கணவரின் பெயர் இல்லை. “தண்ணி ஓடுதுதானே, பீற்றிஸ்” என்று சிரிக்கிறார். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

ஆகஸ்ட் 11
வட்டை விதானை நல்லரத்தினம், அந்த வயல்வெளிக்கே தலைவர், வண்டியில் இரண்டு மூட்டை நெல் கொண்டுவந்தார். மதகுத் தண்ணீரில் விளைந்த முதல் கோடை நெல். என் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். அரசாங்க உத்தியோகத்தர் வீட்டில் வயல்காரர் நெல் இறங்கினால் ஊர் என்ன சொல்லும்? ஒரு கோழிமுட்டைகூட வாங்காத மனிதர். “கொண்டு போங்க” என்றேன். விதானையின் முகம் கறுத்துவிட்டது. கணவரிடம் நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12
சரியாகத்தான் செய்தேன்.

ஆகஸ்ட் 15
மீன் கொண்டுவரும் சின்னத்தங்கம் சொன்னாள்: “அது கைக்கூலி இல்லம்மா. நெல்லு சூடடிச்சா, வட்டைக்கு உழைச்ச கொல்லனுக்கும் காவல்காரனுக்கும் களவெட்டியில ஒரு பங்கு வைப்பம். இந்தமுறை ஐயாவுக்கும் வைச்சிரிக்காங்க. வேணாமெண்டா, ‘நான் உங்கட ஆளில்ல’ எண்டுதானே கருத்து?”
கடவுளே, என்ன செய்துவிட்டேன்?

ஆகஸ்ட் 16
அவரிடம் சொல்லிவிட்டேன். ஏசவில்லை. “கொல்லனோட சேத்து எனக்கும் வைச்சாங்களா?” என்றார். ஓம் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நாளைக்கு நானே விதானையிடம் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 17
காய்ச்சல் கூடிவிட்டது. விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

ஆகஸ்ட் 19
அவர் போய்விட்டார்.

ஆகஸ்ட் 20
அடக்கம். வட்டையிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஏன் வருவார்கள்? அரசாங்கக் கந்தோர்க் கடிதம் வந்தது. மாத முடிவில் குவார்ட்டர்ஸை விட வேண்டுமாம்.

ஆகஸ்ட் 23
மாடு மிதித்துச் சூடடிக்கும் களவெட்டிக்குள் பெண்கள் போகக்கூடாது. வரம்பில் நின்று கூப்பிட்டேன். விதானை வந்தார், முகம் பார்க்கவில்லை.
“நெல்லைத் திருப்பினது நான். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சு அழுதார்” என்றேன்.
மனிதர் தலையில் கைவைத்து அப்படியே குந்திவிட்டார். “ஐயாதான் வேணாமெண்டார் எண்டு நினைச்சம். அதாலதான் கடைசியா முகம் பாக்கவும் வரல்ல.” பிறகு எழுந்து, களவெட்டிப் பக்கம் திரும்பிச் சத்தம்போட்டார்: “மாட்டை நிப்பாட்டுங்கடா! ஐயா வேணாமெண்டு சொல்லல்ல!”
பின்னேரம் அவரைப் புதைத்த சேமக்காலைக்கு வந்தார்கள். ஆட்களை நான் எண்ணவில்லை. வண்டிகள் மட்டும் ஒன்பது.