முழங்கைக்கு ஐந்து கோடி

பினாங்கு,
ஞாயிறு காலை

அன்பு ஹாயினிக்கு சாஹ்னூன் எழுதுவது. உனக்கும் குட்டி உல்ஃபாவுக்கும் அல்லா நலம் தரட்டும். அம்மாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா?

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல அறைத்தோழன் முஸ்தியாதி எழுதுகிறான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து வழுக்கி விழுந்து வலது முழங்கை உடைந்துவிட்டது. மற்றதெல்லாம் முழுசாக இருக்கிறது.

விழுந்தபோதுகூட நான் இப்படி அதிரவில்லை. எலும்புக்குத் தகடு வைக்க என்ன செலவாகும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் போட்டுக் கொடுத்தார்கள். பதினாலாயிரம் ரிங்கிட். நம் பணத்தில் ஐந்து கோடி ரூப்பியா! நம் வீட்டுக் கூரை முழுவதையும் மாற்றவே உன் அண்ணன் இரண்டு கோடிதானே சொன்னார்? முஸ்தியாதிதான் தாளை முதலாளியம்மாவிடம் நீட்டினான்.

"என்னடா இது, கையச் சரிபண்றாங்களா, மாடி வீடு கட்டறாங்களா?" என்று அவர் கத்தியது வார்டு முழுக்கக் கேட்டது.

"தகடு வேணாம்மா, மாவுக்கட்டு போதும்," என்றேன்.

"அப்புறம் கை மடங்காதுன்னு டாக்டர் சொல்றாரே. மடங்காத கைய வச்சுக்கிட்டு ஊருல பொண்டாட்டிய எப்படிடா கட்டிப்பே?"

பாதியை அவரே கட்டினார். மீதியைச் சம்பளத்தில் பிடிப்பார். நேற்று ஆபரேஷன் முடிந்தது, விரல்கள் அசைகின்றன. ஆனால் பெருநாளுக்கு வர முடியாது. இந்த மழைக்கு நீங்கள் படுக்கும் பக்கத்துக் கூரையை மட்டும் மாற்றச் சொல்.

கையைக் கழுத்தோடு சேர்த்துத் தொங்கவிட ஒரு துணி வேண்டும். இங்கே வருகிறவர் யாரிடமாவது உன் பழைய சாரோங்கைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

இதைச் சொன்னதும் முஸ்தியாதி தலை நிமிரவே இல்லை. நர்ஸ் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

உன்
சாஹ்னூன்