ஒட்டாத பிலிம்

ஜூலை 9, புதன்

இன்று சுங்க அலுவலகத்தில் ஜெயித்துவிட்டேன். அதற்கு முன்னால் தோற்கப் பார்த்ததும் என்னால்தான், அதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனிக்கு வந்த மசாலா பாக்கெட் போடும் மெஷினும், அதோடு வந்த பிலிம் ரோல்களும் பத்து நாளாக அங்கேதான் கிடக்கின்றன. பிலிமில் பசை இருந்தால் ஒரு வரிப் பிரிவு, இல்லாவிட்டால் வேறு பிரிவு. பசை இல்லை என்று எழுதிக் கொடுத்தது பத்தாங்கிளாஸ் மேதையான நான். அது பொய்யென்று ஆனால் கம்பெனிக்கு அபராதம், எனக்கு வேலை போகும்.

மாதிரி ரோலை அதிகாரி மேடத்திடம் நீட்டினேன். தொட்டதும் விரலில் ஒட்டிக்கொண்டது.

"நோடி, இங்கே பாருங்க, ஒட்டுதே! பசை இல்லேன்னு எழுதியிருக்கீங்க?"

எனக்கு வேர்த்துவிட்டது. பிறகுதான் ஞாபகம் வந்தது. பஸ்ஸில் ரோல் பிரியக் கூடாதென்று காலையில் நானே டேப் ஒட்டி, இறங்கியதும் உரித்திருந்தேன்.

"மேடம், அது எங்க வீட்டு டேப்போட கோந்து. உள்ள இருக்கறதைப் பாருங்க."

நாலு சுற்று தள்ளி வெட்டிய துண்டைச் சுவரில் அழுத்தினேன், விழுந்தது. வழுக்கையை மறைக்க எப்போதும் போடும் தொப்பியைக் கழற்றி, தலையில் அழுத்தினேன். வேர்வையோடும் நிற்காமல் வழுக்கி விழுந்தது.

மேடம் சிரித்துவிட்டார். "போதும் சார், போதும்!" சரக்கை விடச் சொல்லிக் கையெழுத்தும் போட்டார்.

"ரப்பர் பேண்டு போட்டிருந்தா இந்தக் கூத்தே இல்லையே?" என்றாள் என் மனைவி, வீட்டுக்கு வந்து சொன்னதும். வாஸ்தவம்தான்.

நாளைக்கு ஆடுகோடியில் எங்கள் கம்பெனி வாசலில் லாரி வந்து நிற்கும்போது கேட்டைத் திறக்கப்போவது நான். தொப்பி போடாமல்.