உப்பளத்தில் கிடைத்த சிலுவை

அன்பு மகளுக்கு,

"இந்தச் சிலுவை நிஜமாவே தோமையார் காலத்துதாப்பா?" என்று கேட்டாய். "இருக்கும்மா" என்றேன். பொய்.

உப்பு கல்லை எப்படி அரிக்கும் என்று மாணவர்களுக்கு உதாரணம் காட்ட, முப்பது வருடங்களுக்கு முன் நானே சிலுவையாகச் செதுக்கி மரக்காணம் உப்பளத்தில் புதைத்த கல் அது. மாற்றலாகிப் போனதால் தோண்டி எடுக்கவில்லை.

அங்கே வேலை செய்யும்போது அதைக் கண்டெடுத்த ரீத்தம்மாள், உன்னோடு வந்த என்னைப் பார்த்து, "சார், ஆண்டவரே நம்மளத் தேடி வந்துட்டாருங்க" என்று அழுதாள். தொல்லியல் ஆய்வுக்காக நீ அதைக் கழுவப் போனபோது, "கழுவாதம்மா, அந்த உப்பு மருந்து" என்று தடுத்தாள். நானும் தலையாட்டினேன்.

கல்லின் பின்பக்கம், உப்புக்கு அடியில், 'ஒன்பதாம் வகுப்பு' என்று செதுக்கியிருக்கிறேன். அதைத் தோமையார் காலத்தது என்று சொல்லும் உன் அறிக்கை வெளிவந்தால் உன் வேலையே போய்விடும்.

ரீத்தம்மாளிடம் இன்று சொல்லிவிட்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ அந்தக் கல்லை நல்ல தண்ணீரில் கழுவிப் பார்.

உன் அப்பா