தம்பி கொண்டுவந்த மஞ்சள் வண்டி

பிப்ரவரி 1, ஞாயிறு

காலையில் பனி. மாடிக்குப் போனால் எதிர் வீடு தெரியவில்லை. சர்ச்சுக்கு லேட். கடைசி பெஞ்ச்.

பிரசங்கம் நடக்கும்போதே ஜெபா போன். வெளியே வந்து எடுத்தேன்.

"அக்கா, நீ கேட்டா மாதிரியே ஒண்ணு மாட்டிச்சு. ரெண்டு கதவு, மஞ்ச கலரு. ஒரே ஓனர், டாக்டரு. ஞாயித்துக்கிழம மட்டும்தான் வெளிய எடுப்பாராம்."

பழைய கார் எல்லாமே ஏன் டாக்டருடையதாக இருக்கிறது? ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறேன். ஞாயிறு மட்டும் கார் எடுக்கிற டாக்டர் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

ஆனாலும் சொந்தத் தம்பி. கேளம்பாக்கம் தாண்டி யார்டு போட்டு பழைய கார்தான் வாங்கி விற்கிறான். அவனை விட்டுவிட்டு வெளியே வாங்கினால் அது வேறு சண்டை.

மதியம் சாம்பார் தீய்ந்துவிட்டது. மஞ்சள் என்றால் எந்த மஞ்சள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிப். 2, திங்கள்

தண்ணீர் லாரி வரவில்லை. போன் பண்ணினால், "வந்துகினே கீதும்மா." காலையிலிருந்து வந்துகினே கீது.

எக்ஸ்ரே ரூமில் கூட வேலை பார்க்கிற சுகந்தியிடம் மட்டும்தான் கார் விஷயம் சொன்னேன். மதியத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் போய்விட்டது. ரிசப்ஷன் பெண்: "யாரு மேடம் வாங்கித் தர்றாங்க?" நானே என்றேன். "இல்ல, சும்மா கேட்டேன்." நாற்பத்தாறு வயது, கல்யாணம் இல்லை, ரெண்டு கதவு கார். அவர்களுக்குக் கணக்கு இடிக்கிறது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. குரோம்பேட்டை சிக்னலில் ஸ்கூட்டியோடு நின்றிருந்தேன். பக்கத்தில் தரையோடு ஒட்டின மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. பச்சை விழுந்ததும் கிளம்பிய சத்தம். நெஞ்செலும்பில் அதிர்ந்தது. அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியவை (வீடியோக்கள் + சுகந்தி வீட்டுக்காரர் சொன்னது):

– போனதும் பானட் மேல் கை. சூடு என்றால் முன்னாலேயே ஓடவிட்டிருக்கிறார்கள். ஆறிய இன்ஜின்தான் உண்மை பேசும்.
– புகை. நீலம் = ஆயில் எரிகிறது. வெள்ளை, நிற்காமல் = உள்ளே தண்ணீர் இறங்குகிறது.
– டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அடிபட்ட வண்டி.
– கதவு இடுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவா. பெயின்ட்டை வெயிலில் பார்.
– பெரிய கியரில் மிதித்தால் சத்தம் ஏறி, வேகம் ஏறவில்லை = கிளட்ச் காலி. இந்த மாதிரி வண்டியை யாரும் மெதுவாக ஓட்டியிருக்க மாட்டார்கள்.
– அடிப்பாகம். நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கு இந்த உயரம் தப்பாது.
– வெள்ளம்.

கடைசி வார்த்தைக்கு அடியில் ஒரு கோடு போட்டேன். மழையில் பக்கத்துத் தெருவில் கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்ததை மாடியிலிருந்து பார்த்தவள் நான். அப்புறம் அதெல்லாம் எங்கே போயிற்று?

பிப். 4, புதன்

லீவு. வெயில் சுள்ளென்று. ஜெபா யார்டு.

வண்டியை ஷெட் நிழலில் நிறுத்தியிருந்தான். "வெளிய எடு" என்றேன்.

"இன்னாக்கா, என் மேல நம்பிக்க இல்லியா?"

"வண்டி மேலதான்டா."

பானட் ஜில்லென்று இருந்தது. நல்லது. உடனே அதிலும் சந்தேகம்: கை வைப்பேன் என்று தெரிந்தே காலையிலிருந்து தொடாமல் விட்டானோ? கதவு இடுக்கு சரி. டயர் நாலும் புதுசு, அதனால் தேய்மானம் பார்க்க வழியில்லை. ஏன் புதுசு? "உனக்காகத்தான்க்கா." புகை இல்லை.

மஞ்சள், எலுமிச்சை மஞ்சள் இல்லை. பழுத்த மாம்பழத் தோல்.

ஓ.எம்.ஆரில் ஓட்டினேன். மூன்றாவது கியரில் மிதித்ததும் முதுகை சீட்டோடு அழுத்தியது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஜெபா திரும்பிப் பார்த்தான். "நீ இப்டி சிரிச்சு நான் பாத்ததே இல்லக்கா." சொன்னவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

உறுத்தல் இரண்டு. உள்ளே சென்ட் பாட்டில் ஒன்றுக்கு இரண்டு. சாவி திருகும்போது டாஷ்போர்டில் ஏதோ குறைகிறது. என்ன என்று பிடிபடவில்லை.

ஆனாலும் வேண்டும். ரொம்ப வேண்டும்.

பிப். 6, வெள்ளி

பிடிபட்டது.

சுகந்தியைக் கூட்டிப்போக அவள் வீட்டுக்காரர் வந்தார். என்னையும் தாம்பரத்தில் விட்டார். சாவி போட்டதும் டாஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்து ஒவ்வொன்றாக அணைந்தது. அதில் ஒரு சின்ன ஆள், முன்னால் பந்து மாதிரி. "அது ஏர்பேக் லைட்டுங்க. வந்துட்டு போயிடணும். போகலன்னா ஃபால்ட்."

"வரவே இல்லைன்னா?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அப்ப யாரோ வேல பண்ணியிருக்காங்க."

மஞ்சள் வண்டியில் அந்தச் சின்ன ஆள் வரவே இல்லை.

சிலிண்டர் புக் பண்ண மறந்துவிட்டேன்.

பிப். 7, சனி

கிழக்குத் தாம்பரத்தில் மெக்கானிக் ஷெட். ஜெபா வண்டியை அங்கே கொண்டுவந்தான். மெக்கானிக் ஏதோ மெஷினைச் சொருகினார், கீழே படுத்தார், எழுந்தார்.

"மேடம், இன்ஜின் கல்லு மாதிரி கீது. கண்ண மூடிகினு எடுங்க."

கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்கிறவரிடம் கண்ணைத் திறந்துதான் இருக்கணும். ஏர்பேக் லைட்டைக் கேட்டேன். "பல்பு போயிருக்கும். சின்ன மேட்டரு." சொல்லும்போது பார்த்தது என்னை இல்லை, ஜெபாவை.

அப்புறம்தான் உறைத்தது. இந்த மெக்கானிக்கை எனக்குச் சொன்னதே ஜெபா. படித்த முட்டாள் நான்.

ஜெபா சாவியை என் கையில் திணித்தான். "நாளைக்கு ஃபுல்லா உன் வூட்ல நிக்கட்டும். ஆச தீர ஓட்டு. திங்கக்கிழம பேசிக்கலாம்." ஆசை வைத்துவிட்டால் கேள்வி கேட்க மாட்டேன் என்று கணக்கு.

பாதி சரியான கணக்கு. பல்லாவரம் வரை ஒரு ரவுண்டு போய் வந்தேன்.

பிப். 8, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. டார்ச்சும் பழைய பெட்ஷீட்டும் எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில்.

"புது காராம்மா? ட்ரீட் எப்ப?" பக்கத்து வீட்டு மாமி. படுத்தபடியே சிரித்தேன்.

சீட்டைப் பிடித்திருக்கும் போல்ட் எல்லாம் துரு. தரை விரிப்பு புத்தம் புதுசு. ஓரத்தைத் தூக்கினால் கீழே மாவு மாதிரி காய்ந்த வண்டல். டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். வீடியோவில் சொன்னதுதான், பெல்ட்டின் கடைசிப் பகுதியை யாரும் கழுவ மாட்டார்கள். ஒரு சாண் அளவுக்கு வேறு நிறம். சேற்றுக் கோடு. நகத்தால் சுரண்டினேன், வந்தது.

டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கினேன். குழியில் ஒரு நத்தை ஓடு. சின்னது. வெள்ளை.

வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு. இரண்டு சென்ட்டையும் தாண்டி அந்த வாடை இப்போது நன்றாகத் தெரிகிறது.

அவனுக்குத் தெரிந்திருக்குமா? தெரியாமல் வாங்கி ஏமாந்திருப்பானோ? ஏமாந்திருக்கட்டும் என்று ஜெபம் பண்ணினேன். தம்பி ஏமாளியாக இருக்கட்டும் என்று.

பிப். 9, திங்கள்

டூட்டி முடிந்து வந்தால் வாசலில் ஜெபா. உள்ளே வந்து ஃபேனைப் போட்டு உட்கார்ந்தான்.

"டாக்டர் பேரு என்னடா?"

"எந்த டாக்டரு?"

"ஓனர்."

நத்தை ஓட்டை டேபிள் மேல் வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"தெரியும்க்கா."

"எவ்ளோ தண்ணி?"

"சீட்டு வரைக்கும். ஏலத்துல எடுத்தேன். கைல இருந்ததெல்லாம் இதுலதான் போட்டேன்."

"ஏர்பேக்?"

"அது செத்துப்போச்சு. லைட்டு அணையவே இல்ல. பல்பப் புடுங்கிட்டோம்."

"என்கிட்ட ஏன்டா கொண்டுவந்த? ஊர்ல வேற ஆளே இல்லையா?"

நத்தை ஓட்டை விரலால் தள்ளி வைத்தான். "வேற யாருக்குனா வித்தா போலீசுக்குப் போவான். நீன்னா திட்டுவ. அவ்ளோதான."

திட்டவில்லை. டீ போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. குடித்தான். சாவியை எடுத்துக்கொண்டான். படியில் நின்று, "உனக்கு வாணான்னா வுடு. மேடவாக்கத்துலேர்ந்து ஒரு பையன் ஞாயித்துக்கிழம வரான். ரொம்ப ஆசப்படறான்."

நானும்தான்டா ஆசைப்பட்டேன்.

பிப். 11, புதன்

தூக்கம் சரியில்லை. தலைவலி.

ஜி.எஸ்.டி. ரோடு ஆக்சிடென்ட், ஸ்ட்ரெச்சரில் ஒரு பையன். ஸ்டியரிங் நெஞ்சில் இடித்திருக்கிறது. "மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க" என்றேன், தினமும் சொல்வது. "வரல மேடம்" என்றான். பிலிமில் விலா எலும்பு மூன்று இடத்தில். பிழைத்துக்கொள்வான்.

சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உங்களுக்கு வேணாம்னுட்டீங்க. அதோட விட்ருங்கக்கா. கூடப்பொறந்தவன் பொழப்பு" என்றாள். பிறகு அந்தப் பிலிமை லைட்டில் மாட்டிப் பார்த்தாள். முறிந்த இடங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள்.

பிப். 15, ஞாயிறு

போனேன். ஜெபா யார்டு வரை ஷேர் ஆட்டோ, பஸ், வெயிலில் நடை. ஸ்கூட்டி பஞ்சர்.

மேடவாக்கத்துப் பையன் பெயர் கார்த்திக். கூட மனைவி, கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் புதுசு. அவள் ஏற்கெனவே காருக்குள் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தாள். ஜெபா என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

கார்த்திக்கைத் தனியே கூப்பிட்டேன். "தம்பி, இந்த வண்டி வெள்ளத்துல நின்னது. நான் பார்த்துட்டு வேணாம்னுட்டேன்."

மேலும் கீழும் பார்த்தான். சிரித்தான். "புரியுது மேடம். நாங்க போயிட்டா நீங்க கம்மி ரேட்டுக்குத் தூக்கிடுவீங்க. இந்த ட்ரிக்கெல்லாம் படிச்சிட்டுதான் வந்திருக்கேன்." போனில் நீளமாகக் குறித்து வைத்திருந்தான். என்னுடையதைவிட நீளம். முதல் வரியே பானட் சூடு.

கோபம் வரவில்லை. அவன் இடத்தில் நானும் அதையேதான் நினைத்திருப்பேன்.

"அந்த பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாரும்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம். இழுத்தாள். சுத்தம். புத்தம் புது பெல்ட். ஜெபா மாற்றிவிட்டிருக்கிறான்.

கார்த்திக் முகத்தில் "பார்த்தீங்களா" என்ற மாதிரி ஒரு சிரிப்பு. கையெழுத்துப் போடப் பேனாகூட எடுத்துவிட்டான்.

வேறு வழி தெரியவில்லை. "நான் இவனோட அக்கா. கூடப்பிறந்தவ. இந்த வண்டில ஏர்பேக் வேலை செய்யாது."

அந்தப் பெண் போனை இறக்கினாள். என்னை அல்ல, ஜெபாவைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணா, இவங்க உங்க அக்காவா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாரோ பைத்தியம் என்றால் கார்த்திக் நம்பியிருப்பான்.

"ஆமாங்க" என்றான் ஜெபா.

அவள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். "வாங்க போலாம்." கார்த்திக் என்னென்னவோ சொன்னான். அவள் நிற்கவில்லை.

ஜெபாவிடம் என்ன பேசுவது? பக்கத்தில் போனேன். "போயிடுக்கா" என்றான். சத்தமே இல்லாமல்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. தாம்பரம் வரை அழுதுகொண்டு வந்தேன். பக்கத்து சீட் பொம்பளை தண்ணி பாட்டிலை நீட்டினாள்.

பிப். 18, புதன்

ஜெபா போன் எடுக்கவில்லை. மெசேஜுக்கு ஒரே டிக், போய்ச் சேரவே இல்லை.

அவன் பெண்டாட்டி மேரி கூப்பிட்டாள். "நாலு நாளா சரியா சாப்பிட மாட்றாரு அண்ணி. நீங்க நல்லாருங்க." வைத்துவிட்டாள். வாழ்த்தா சாபமா தெரியவில்லை.

இரண்டு குடம் மட்டும் தண்ணீர் பிடித்தேன்.

பிப். 21, சனி

மஞ்சள் வண்டி நெட்டில். ஜெபா போட்ட விளம்பரம். சீட் எல்லாம் கழற்றி, தரை தெரிய எடுத்த போட்டோ. "வெள்ளத்தில் நின்ற வண்டி. பார்ட்ஸுக்கு மட்டும்."

மூன்று முறை படித்தேன். சந்தோஷப்பட வேண்டியதுதானே? முடியவில்லை. நான் பார்ப்பேன் என்று போட்டிருப்பான். கூப்பிடுகிறவனிடம் வேறு பேச்சு பேசுவான். பெல்ட்டை மாற்றியவன்தானே.

பிப். 23, திங்கள்

கூட்டம் அதிகம். சாப்பிடவே மூன்றரை. டப்பாவைத் திறப்பதற்கு முன் சுகந்தியிடம் சொன்னேன், உன் போனிலிருந்து கூப்பிடு, காரைக் கேள். "பாவம்க்கா" என்றாள். ஆனால் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில்.

"அந்த மஞ்ச கார் இருக்குங்களா?"

"இருக்கு மேடம். தண்ணில நின்ன வண்டி அது. ஏர்பேக் கெடயாது. பார்ட்ஸுக்குன்னா வாங்க, பேசலாம்."

நான் கையால் சைகை செய்தேன், இன்னும் கேள்.

"கொஞ்சம் செலவு பண்ணி ஓட்ட முடியாதுங்களா? விசாரிச்சா எல்லாரும் ஓட்டலாம்னுதான் சொல்றாங்க."

"சொல்லுவாங்க மேடம். ஓட்டாதீங்க."

சுகந்தி என்னைப் பார்த்தாள். போதுமா என்று கண்ணால். கட் பண்ணப் போனாள்.

"ஒரு நிமிஷம் மேடம்." அந்தப் பக்கம் லாரி ஒன்று போகிற சத்தம். "நீங்க சுகந்தியக்காதான? கிறிஸ்மஸுக்கு வூட்டுக்கு வந்தீங்களே."

சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

எப்போது கண்டுபிடித்தான்? "ஓட்டாதீங்க" சொல்வதற்கு முன்னாலா, பின்னாலா? இதை எழுதும்போதும் அதேதான் ஓடுகிறது. முன்னால் என்றால் நடிப்பு. பின்னால் என்றால் என் தம்பி.

"எங்க அக்கா பக்கத்துல கீதுங்களா?" என்றான். "சாப்டுச்சான்னு கேளுங்க."

போனை நான் வாங்கினேன்.

"இன்னும் இல்லடா."