பீங்கான் தட்டுக்கு அடியில்

மதுரை,
தாது வருஷம், ஆவணி 22.

சிரஞ்சீவி ஹாலாஸ்யத்துக்கு அப்பாவின் ஆசீர்வாதம். நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பம்பாய் மழையில் நீயும் அப்படியே இருக்க மீனாட்சி துணை. வீட்டைப் பற்றி மட்டும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. வீடு நாறுகிறது. போன லீவில் வந்து மாடியில் ஷவர் வைத்து, காலடியில் பீங்கான் தட்டும் பதித்துவிட்டுப் போனாயே, அந்தத் தட்டுக்கு அடியில் போகிற கழிவுநீர்க் குழாய் ஒழுகி, அடுக்களைச் சுவர் முழுக்கப் பாசி பிடித்து, ஊறுகாய் ஜாடிமேல் எல்லாம் சொட்டி, அம்மா இரண்டு ஜாடியைச் சாக்கடையில் கொட்டினாள். அதையும் பொறுத்தேன். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உத்தரத்திலிருந்து ஒரு சொட்டு என் இலையிலேயே விழுந்தது. அந்த நாற்றத்தை என்னவென்று எழுதுவது.

அந்த ஆத்திரத்தில்தான் வாய் தவறிவிட்டது. நீ பம்பாயில் குடியிருக்க ஜாகை பார்க்கும்வரை எங்களோடு இருக்கட்டும் என்று விட்டுப்போன உன் பெண்டாட்டி வாலாம்பாள் அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தாள். பரிமாறிக்கொண்டு நின்றவளைப் பார்த்து, உன் முடியும் சீயக்காயும்தான் குழாயை அடைத்திருக்கிறது, கொட்டாம்பட்டிக் கிணற்றடியில் குளித்தவளுக்கு ஷவர் ஒரு கேடா என்று கேட்டுவிட்டேன். அவள் அந்த இலையை எடுத்துவிட்டுப் புது இலை போட்டாள். இரண்டாம் நாள் அவள் தம்பி வந்தான், பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். போகட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். அம்மா அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

நேற்று, குழாய் வேலை பார்க்கிற சேக் இஸ்மாயில் வந்து தட்டைப் பெயர்த்தார். குழாயின் மூட்டு ஒன்றைக் கழற்றியதும் கறுப்பாய்க் கொழகொழவென்று ஒரு கட்டி வாளியில் விழுந்தது பார், மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். அந்த மனுஷன் முகம் சுளிக்காமல் அதைக் கிளறிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அய்யா, முடி கொஞ்சந்தேன், மிச்சம் அம்புட்டும் வேப்பங்குச்சி, நடுவுல பிளந்து நாக்கு வழிச்ச குச்சி, இந்த வீட்டுல யாரு குச்சி வச்சுப் பல்லு வெளக்குறது என்று கேட்டார். யார், நான்தான். அம்மாவும் வாலாம்பாளும் பல்பொடி. தண்ணீர் மெதுவாகப் போகிறதென்று தட்டின் துளைமேல் இருந்த சல்லடை மூடியைப் பிடுங்கி எறிந்தவனும் நான்தான். அடைப்பெடுக்கிறேன் என்று நான் கொடிக்கம்பியை விட்டுக் குத்தியதில்தான் மூட்டே விட்டுப்போயிருக்கிறது என்றார். சணலைச் சுற்றி, வெள்ளை ஈயம் பூசி, இறுக்கிவிட்டுப் போனார். இப்போது ஒரு சொட்டு ஒழுகவில்லை. துளைக்குப் புது மூடியும் போட்டாயிற்று, என் வாய்க்குத்தான் மூடி இல்லை.

அவர் போனபிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். தினமும் நான் குளித்துவிட்டு இறங்கியதும் வாலாம்பாள் மாடிக்குப் போய், துளைக்குள் விரலை விட்டு, எட்டின குச்சியை எல்லாம் பொறுக்கி எறிவாளாம். மாமாட்டச் சொன்னா சங்கடப்படுவாக, விடுங்கத்தே என்பாளாம். அவள் விரலுக்கு எட்டாமல் போனவைதான் நேற்று வாளியில் விழுந்தவை. நான் கண்ணால் பார்க்கவே அருவருத்து ஓடினதை அந்தப் பெண் எட்டு மாதமாகக் கையால் எடுத்திருக்கிறாள். அவளைத்தான் கிணற்றடி என்றேன். என்னை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது, ஹாலாஸ்யம்.

நாளைக் காலை பஸ்ஸில் நானே கொட்டாம்பட்டிக்குப் போகிறேன். சம்பந்தி வீட்டாரை வைத்துக்கொண்டே, குச்சியில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். வருவாளோ மாட்டாளோ தெரியவில்லை, அதை நினைத்து ராத்திரி தூக்கமும் இல்லை. நீ பரிந்துகொண்டு அவளுக்குக் கடிதம் எழுதாதே, கேட்டது என் வாய், மன்னிப்புக் கேட்க வேண்டியதும் அதுதான். மழையில் நனையாதே, ஹோட்டல் மோரைக் குடிக்காதே, சீக்கிரம் ஒரு ஜாகை பார். சகல சௌபாக்கியமும் பெற்று இருவரும் ஒன்றாகக் குடித்தனம் நடத்த வேண்டும் என்பதே எங்கள் ஆசீர்வாதம். தீபாவளிக்கு வரும்போது மறக்காமல் ஒரு டப்பா பல்பொடி வாங்கி வா. எனக்குத்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சொக்கநாதன்.