போனில் தெரியாத தலையாட்டல்

மினசோட்டா, செவ்வாய்க்கிழமை

அகதி முகாமில் இருக்கும் என் அக்காவுக்கு,

பெண் குழந்தை. போன வருஷம் தங்காமல் போன பிள்ளைக்கு நீ நெய்து அனுப்பிய சின்னச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துவர இவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

நேற்று டாக்டர் மொழிபெயர்க்க ஒருத்தியைப் போனில் கூப்பிட்டார். போன வருஷம் மாதிரியே பர்மியக் குரல்தான் வரும், நம் ஊரை எரித்த சிப்பாய்களின் பேச்சு, எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடலாம் என்றிருந்தேன். வந்ததோ நம் கரேன் மொழி. எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டாள். பழக்கதோஷம், பேசாமல் தலையாட்டினேன்.

“சத்தத்தையே காணோம். தலையாட்டுறியாக்கும்? நம்ம ஆளுங்க எல்லாருமே இப்படித்தான். போன்ல எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் தொறந்து சொல்லுடி.”

சொன்னேன் அக்கா. தலைவலி, கால் வீக்கம், கண்முன் பறக்கும் பூச்சிகள், போன வருஷம் சொல்லாமல் விட்ட எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், எகிறியிருந்தது. அடுத்த நிமிஷம் என்னை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அவள் போனை வைக்கவில்லை.

“அழுகை கேட்டாத்தான் வைப்பேன்.”

கேட்டது. “ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?” என்றாள். தலையாட்டினேன். சட்டென்று நினைவு வந்து, அறையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்: “இருக்கோம்.”

உன் தங்கை