சாமிக்குச் சொல்லாமல் அறுத்த பன்றி

அமிசோஸிலிருந்து மெனிப்போஸ், சினோப்பேயில் இருக்கும் மகள் அம்மியாவுக்கு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமா? வயிற்றில் இருப்பது உதைக்கிறதா?

இங்கே தெருவே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. கோயில் வாசலில் இறைச்சிக் கடை வைத்திருக்கிறேன் என்று பெயர். வெட்டுவது பூசாரி, விற்பது மட்டுமே நான். பிரசவத்துக்கு நீ வருவாய், சாமிக்குப் படைத்த இறைச்சியைத் தொடமாட்டாய் என்பதால், ஒரு பன்றியை வாங்கி நானே கொல்லையில் அறுக்கப் போனேன். கத்தியைக் கண்டதும் அது என் கால்களுக்கு நடுவே புகுந்து ஓடியது. அதன் முதுகில் வால் பக்கம் பார்த்து உட்கார்ந்தபடி துறைமுக முனைவரை போனேன். உன் அம்மா பின்னாலேயே ஓடிவந்து, "இறங்குங்க! பன்னிக்காவது மானம் மிஞ்சட்டும்!" என்று கத்தினாள்.

பன்றியைப் பிடித்துக் கொடுத்தவன் பக்கத்து வீட்டுச் சாயக்காரன் டியோகாஸ். அதன் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு எதற்கோ காத்திருந்தான். நான் பாட்டுக்கு அறுத்துவிட்டேன்.

"என்னப்பா இது, பார்லி தூவல, பன்னியோட நெத்தி முடியைக் கத்தரிச்சு நெருப்புல போடல. சாமிக்குச் சொல்லாமலே அறுக்குற! நீயும் மக மாதிரி அந்தக் கிறிஸ்து கூட்டத்துல சேந்துட்டியா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் அவனுக்குத் தொண்டை பெரிசு, தெருவில் காவலர்கள் நின்றிருந்தார்கள்.

மறுநாள் அதிகாரி முன் நிறுத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் இல்லை என்று காட்ட, ரோமப் பேரரசர் சிலைக்குத் தூபம் போட்டு மது ஊற்றச் சொன்னார். எனக்கென்ன, தாராளமாகவே போட்டேன். எனக்கு முன்னால் நின்றது, உனக்கு உங்கள் பாட்டையெல்லாம் சொல்லிக்கொடுத்த திரிஃபைனா. மாட்டேன் என்றாள். இழுத்துப் போனார்கள். இன்னும் வீடு திரும்பவில்லை.

அதனால், வா வா என்று கூப்பிட்ட நானே சொல்கிறேன்: வராதேம்மா. அங்கேயே பெற்றுக்கொள். உன் அம்மா அடுத்த கப்பலில் வருகிறாள். உப்பிட்டுப் புகை போட்ட பன்றித் தொடை கூடவே வரும். பயப்படாமல் சாப்பிடு. அறுக்கும்போது எந்தச் சாமி பேரையும் சொல்லவில்லை; சொன்னதெல்லாம் பன்றிக்கான வசவுதான். கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

இன்னொன்று. தூபம் போட்ட பிறகு அதிகாரி, "இப்ப அந்தக் கிறிஸ்துவைத் திட்டிட்டு வீட்டுக்குப் போ" என்றார். திட்டுவதில் நான் கெட்டிக்காரன், பன்றியைக் கேட்டால் தெரியும். வாயைத் திறந்ததும் ஒன்று நினைவு வந்தது. போன தடவை வந்திருந்தபோது, படுக்குமுன் அந்தப் பெயரைக் கூப்பிட்டு, எங்க அப்பாவைப் பாத்துக்கோ என்று நீ முணுமுணுத்தது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. அதுவரை நீ தூங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தூபப் புகை தொண்டையில் ஏறியதுபோல இருமினேன். இருமலுக்கு நடுவே, திட்டுவதுபோல உதட்டை மட்டும் அசைத்தேன். "சரி சரி, அடுத்த ஆளு" என்றார்.

உங்கள் சாமியை எனக்குத் தெரியாது. நீயும் பிள்ளையும் நல்லபடியாக இரண்டு உயிராக வேண்டும் என்று எங்கள் சாமிகள் அத்தனை பேரிடமும் கேட்டிருக்கிறேன். நீ உன்னுடையவரிடம் கேள். கேட்கும்போது, அந்த வசவை அப்பா வாய்விட்டுச் சொல்லவில்லை என்று அவரிடம் சொல்லிவை.

உன் அப்பா